ஜெபம் பண்ணுதவன் வீட்டுக்காரிகிட்ட கேளு

ஏ மக்கா, ஆண்டவரோட உறவு இன்னும் ஆழப்படணும், அதுக்கு அன்றாடம் என்ன செய்யணும்னு கேக்க. நல்ல கேள்விதான். இதை ஐயருகிட்ட கேட்டிருந்தா அவுக மூணு தலைப்பு வச்சு, மூணும் ஒரே எழுத்துல தொடங்குத மாதிரி ஒரு பிரசங்கமே சொல்லியிருப்பாவ. நான் பனையேறிப் பிழைச்சவன். எனக்குத் தலைப்பு வைக்கத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லுதேன், வேணுங்கிறத எடுத்துக்கோ.

முதல்ல உன்னையக் கொஞ்சம் மெச்சிக்கிடுதேன். உன் செல்போன்ல வேதம் இருக்கு, கீர்த்தனை இருக்கு, தியானம் இருக்கு, ஜெபத்துக்குன்னு தனி அலாரமும் இருக்கு. இன்னைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு அது அடிச்சுது. எனக்குக் கேட்டுது. தொழுவுல மாட்டுக்குக் கேட்டுது. எதுத்த வீட்டு நாய்க்கும் கேட்டுது. உனக்கு மட்டும் கேக்கல. செத்த நேரம் கழிச்சு மறுபடியும் அடிச்சுது, அப்பவும் மாடுதான் எந்திரிச்சுது. ஆறு மணிக்கு நீ ஒத்தக் கண்ணத் தொறந்து எதையோ அமுக்குன. உடனே அது 'இன்னைக்கும் தவறாம வாசிச்சுட்டீங்க'ன்னு ஒரு நெருப்புப் படத்தப் போட்டுக் காட்டிச்சு. மோசேக்கு முட்செடியில எரிஞ்சுது, உனக்கு போன்ல எரியுது. காலத்துக்குத் தக்கன மாறித்தானே ஆகணும்.

வேத வாசிப்புக்கு எங்க காலத்துலயும் கணக்கு உண்டு. 66 ஆகமம், 1189 அதிகாரம். வார நாள்ல மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு வாசிச்சா வருசத்துல முடிஞ்சிரும். இந்தக் கணக்கச் சொல்லாத உபதேசியாரே கெடையாது. புது வருச ஆராதனை முடிஞ்ச கையோட ஊரே ஆதியாகமத்தத் தொறக்கும். ஆதியாகமம் ஜோராப் போகும், பூராவும் கதைல்லா? யோசேப்பை அண்ணன்மாரு குழியில தள்ளுத இடத்துல அடுப்புல சோறு அடிப்புடிச்சாலும் தெரியாது. யாத்திராகமத்துல செங்கடலத் தாண்டுத வரைக்கும் கொறையில்ல. பொறவு கூடாரத்துக்கு எத்தன முழம் திரை, எத்தன கொக்கின்னு அளவு சொல்ல ஆரம்பிக்கும், கண்ணு சொக்கும். ஜனவரி கடைசியில லேவியராகமம். அந்த எடத்துல எங்க சபை மொத்தமும் கூண்டோட படுத்துரும். சொறி, தடிப்பு, எதுக்கு விரிகுளம்பு, எது அசைபோடும்னு வாசிச்சா ஆடு மாடு மேச்சவனுக்கே அலுத்துப் போகுது. அப்புறம் அடுத்த ஜனவரி, மறுபடியும் ஆதியாகமம். எங்க ஊருல ஆதாம் ஏவாளைத் தெரியாதவனும் இல்ல, ஆகாய் தீர்க்கதரிசியத் தெரிஞ்சவனும் இல்ல.

நீ லேவியராகமத்துல படுத்துட்டா வெக்கப்படாம எந்திரிச்சு மாற்கு சுவிசேஷத்துக்குப் போயிரு. ஆண்டவர் அபராதம் போட மாட்டாரு. மூணு அதிகாரத்த விரட்டி விரட்டி ஓட்டுததுக்கு, பத்து வசனத்த ரெண்டு தடவ மெதுவா வாசி, மூணாந்தடவ வாய்விட்டு வாசி. அதுல ஏதாவது ஒரு சொல்லு உன் சட்டையப் புடிக்கும். புடிச்சா அங்கனயே நில்லு, அன்னைக்கு உனக்கு அதுதான். ஆபீசுக்குப் போற வழியெல்லாம் அதையே அசைபோடு. அசைபோடுத மிருகத்த சுத்தமானதுன்னு ஏன் சொல்லியிருக்குன்னு இப்பத் தெரியுதா? இதை நான் என் சொந்தச் சரக்குன்னு நெனச்சு ஐயருகிட்ட பெருமையாச் சொன்னேன். 'ஆதிச்சபைக் காலத்துலயே இதை எழுதி வச்சுட்டாவ ஓய்'னு சொல்லி என் வாய அடைச்சுட்டாவ.

சங்கீதத்துக்கு வேற ஒரு முறை இருந்துச்சு. பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்துல 150 சங்கீதத்தையும் 30 நாளைக்குக் காலை, மாலைன்னு பங்கு வச்சிருப்பாவ. மாசத்துக்கு ஒரு சுத்து. 119ஆம் சங்கீதம் 176 வசனம்லா, அதை 24ஆம் தேதி சாயங்காலம் தொட்டு 26ஆம் தேதி சாயங்காலம் வரைக்கும் அஞ்சு கூறாப் போட்டிருக்கும். இதுல உள்ள சூட்சுமம் என்னன்னா, உனக்குப் புடிச்ச சங்கீதத்த நீ எடுக்க முடியாது. நீ குதிச்சுக்கிட்டு இருக்க அன்னைக்கு ஒப்பாரிச் சங்கீதம் வரும். நீ ஒப்பாரி வைக்க அன்னைக்குக் கைகொட்டிப் பாடச் சொல்லும். சத்துருவோட பல்ல ஒடைக்கச் சொல்லி ஒண்ணு உண்டு, அது வார அன்னைக்குத்தான் உன் சத்துரு உன்னையக் கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்கார வச்சு எலைக்குத் தண்ணி தெளிப்பான். நம்ம இஷ்டத்துக்கு ஆண்டவர்கிட்ட பேச விடாது அந்த முறை. உன் கோவம், பயம், பொறாமை எல்லாத்தையும் வரிசையா வெளிய எடுத்து வைக்கச் சொல்லும்.

இப்ப நீங்க என்ன செய்யுதிய? டிசம்பர் 31 ராத்திரி தட்டுல வாக்குத்தத்த அட்டைய அடுக்கி நீட்டுதாவ. ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அதுல வீடு வரும், செழிப்பு வரும், நீ தலையாவ வாலாக மாட்டன்னு வரும். யோபு ஓட்டைக் கொண்டு தன்னையச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்த வசனத்த எந்த அச்சாபீசுக்காரனும் அட்டையில போட்டு நான் பாத்ததில்ல. உன் அத்தைக்குப் போன தடவ பொறுமையா இருக்கச் சொல்லி ஒரு வசனம் வந்துட்டு. 'இது எனக்கு உள்ளது மாதிரி தெரியலயே'ன்னு தட்டுல திரும்பப் போட்டுட்டு வேற எடுத்தா. ரெண்டாவது அட்டையில சமுத்திரத்து மணலளவு ஆசீர்வாதம். அதை லேமினேட் பண்ணி ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கா. அவ திரும்பப் போட்ட பொறுமை யாரு கைக்குப் போச்சுன்னு கேக்கியா? உன் மாமா கைக்கு. அவளக் கட்டுன மனுசனுக்கு அது போனதுதான் அந்த ராத்திரி நடந்த ஒரே தீர்க்கதரிசனம்.

ஜெபத்துக்கு வாரேன். இதுல நம்ம ஆளுகளுக்கு ரெண்டு வியாதி உண்டு. ஒண்ணு, நீட்டுதது. அசனப் பந்தியில இன்னைக்குப் பாத்தேல்லா? எலை போட்டாச்சு, சோறு போட்டாச்சு, ஆட்டுக்கறி ஊத்தியாச்சு. ஸ்தோத்திரம் பண்ணச் சொன்னா நம்ம மூப்பரு ஆதாமுல இருந்து பொறப்பட்டாரு. ஆபிரகாமப் பாத்தாரு, தானியேலக் கண்டாரு, டெல்லிக்குப் போயி மந்திரிமாரு எல்லாரையும் ஆசீர்வதிச்சாரு, ஆஸ்பத்திரியில கெடக்கவன், ரயில்ல வாரவன், பரீட்சை எழுதுத புள்ளைய, மழை, விலைவாசி ஒண்ணையும் விடல. திரும்பி ஊருக்கு வந்து சமைச்ச கைகள ஆசீர்வதிக்கும்போது கறியில நெய் வெள்ளையா உறைஞ்சு போச்சு. ஒவ்வொரு கண்ணும் பாதி மூடி, பாதி எலும்புத் துண்டப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரத்துல பந்தியில உண்மையா ஜெபம் பண்ணுனவன் ஒருத்தன் உண்டுன்னா, அது பரிமாறக் கரண்டியோட நின்னவன்தான். 'ஆண்டவரே, ஆமென் சொல்ல வையும்'னு.

நெகேமியா எப்படி ஜெபிச்சான்னு பாரு. ராஜாவுக்குத் திராட்சரசம் ஊத்திக் குடுக்க வேலை அவனுக்கு. 'உனக்கு என்ன வேணும்'னு ராஜா கேட்டான். கேட்டதுக்கும் இவன் பதில் சொன்னதுக்கும் நடுவுல பரலோகத்து தேவனை நோக்கி ஜெபிச்சான்னு எழுதியிருக்கு. எம்புட்டு நேரம் இருந்திருக்கும்? ராஜாவக் காக்க வச்சா தலை போயிரும். ஒரு மூச்சு இழுத்து விடுத நேரம். அதுக்கே எருசலேம் அலங்கம் எந்திரிச்சுது. ஆனா ஒண்ணு, அதுக்கு முன்ன அவன் நாள்கணக்கா அழுது உபவாசம் இருந்திருக்கான். அதை முழுங்கிட்டு 'நானும் நெகேமியா, ஒரு செகண்ட் போதும்'னு சொல்லாத. உன்னைய எனக்குத் தெரியும்.

ரெண்டாவது வியாதி, சேத்து வச்சுச் செய்யுதது. மாசம் பூரா ஒண்ணும் கெடையாது. ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம்னு போயி தொண்டை கம்முத வரைக்கும் கத்திட்டு, சனிக்கிழமை பூரா தூங்கிட்டு, 'இந்த மாசம் சரியாயிட்டு'ன்னு நிம்மதியா இருக்க. பனையில நான் கத்துக்கிட்டதச் சொல்லுதேன் கேளு. பாளை விட்ட மரத்துல காலையிலயும் ஏறணும், சாயங்காலமும் ஏறணும். ஏறிப் பாளையச் சீவணும். பெருசா ஒண்ணும் இல்ல, வெங்காயத் தோலு கனத்துக்கு ஒரு சீவு. கலயத்த மாட்டிட்டு எறங்கிரலாம். ஆனா அந்த ஒரு சீவ விட்டுறக்கூடாது. நாலு நாள் ஏறாம இருந்துட்டு அஞ்சாம் நாள் போயி, எல்லாத்துக்கும் ஈடா அரைச்சாண் அறுத்தேன்னு வையி, பாளைதான் கொறையும், பதனீ வராது. வெட்டுவாய் காஞ்சு அடைச்சுப் போகும். மறுபடி பொறுமையாச் சீவிச் சீவி வழிக்குக் கொண்டு வரணும். பத்து நிமிசம் போதும் மக்கா. அதே பத்து நிமிசம், அதே எடம். தானியேலுக்கு எருசலேமப் பாத்த ஜன்னல் இருந்துச்சு, நாளைக்கு மூணு வேளை. எனக்குப் பனை உச்சி இருந்துச்சு. அங்கன இருந்து பாத்தா மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும், 192 அடி. கீழ நிக்கவன் அண்ணாந்து பாப்பான், நான் கொஞ்சம் சமமா இருந்து பாத்தேன். மட்டையப் புடிச்சுக்கிட்டு ஜெபிச்சா கவனம் சிதறாது. சிதறுனா எலும்பு சிதறிரும்.

உனக்குப் பனை வேண்டாம். மொட்டைமாடி இருக்கு, கார் நிறுத்துத எடம் இருக்கு, மூணாம் மாடி படிக்கட்டு இருக்கு. எங்க வேணாலும் உக்காரு, போன மட்டும் வீட்டுக்குள்ள வச்சுட்டு வா. முதல் அஞ்சு நிமிசம் இ.எம்.ஐ. ஞாபகம் வரும், மேனேஜர் மூஞ்சி வரும். வரட்டும். வந்ததையே எடுத்து அவர்கிட்ட சொல்லு. மேனேஜரப் பத்தி நல்ல வார்த்தையாச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல, சங்கீதக்காரன் சொல்லாத வசவா?

உன் ஆச்சிக்கு இந்த வம்பெல்லாம் இல்ல. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனா வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ணு தொட்டா, ராகம் பெசகாமக் கடைசிச் சரணம் வரைக்கும் போவா. சாஸ்திரியார் 1774ல பாளையங்கோட்டையில பொறந்து தஞ்சாவூர்ல வளந்தவுக. அச்சுல வாசிக்கத் தெரியாத சனத்துக்கு வேதமே அந்தப் பாட்டுலதான் வந்து சேந்துச்சு. பதனீ காய்ச்சுத அடுப்பு முன்னால உக்காந்து பாடுவா. பதனீ நுரைச்சுப் பொங்கி வரும், ரெண்டு ஆமணக்கு முத்த நசுக்கிப் போடுவா, பொங்குனது பொட்டுன்னு அடங்கும். பாட்டு நிக்காது. பாகு பதம் வந்ததும் சிரட்டையில ஊத்திக்கிட்டே அடுத்த வீட்டுக்காரி புள்ளைக்கு ஒரு ஜெபம், சீக்கு வந்த ஆட்டுக்கு ஒரு ஜெபம், எனக்கு ஒரு ஏச்சு. எல்லாம் ஒரே மூச்சுல வரும். எது ஜெபம், எது ஏச்சுன்னு பிரிக்க எனக்கே பல தடவ தெரியாது. ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஐயரு ஒரு புஸ்தகத்துல வாசிச்சுச் சொன்னாவ. பாரிஸ் பட்டணத்துல ஒரு மடம், அதுல லாரன்ஸ்னு ஒரு சகோதரர். 1691ல காலமானவுக. வாலிபத்துல பட்டாளத்துல இருந்து காயப்பட்டு, பொறவு மடத்துக்கு வந்தவுக. மடத்துல குடுத்த வேலை அடுப்படி. அந்த வேலை அவுகளுக்குத் துப்புரவாப் புடிக்காது. அப்படியும் பதினஞ்சு வருசம் அங்கனயே கெடந்தாவ. ஆளாளுக்கு அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு சத்தம் போடுத அந்த அடுப்படியில, கோயில்ல முழங்கால் போட்டு நிக்கும்போது இருக்க அதே அமைதியோட ஆண்டவரோட இருக்கப் பழகிக்கிட்டாவ. அவுக பேச்சையும் கடுதாசியையும் சேத்துச் செத்த பொறவு புஸ்தகமாப் போட்டு, தேசம் தேசமா வாசிக்கான். உன் ஆச்சி பேச்ச யாரும் புஸ்தகமாப் போடல. போட்டா பாதிய வெட்டணும், பூராவும் என்னைய வஞ்சதா இருக்கும்.

கைப்பிடி அரிசியும் அவ வழக்கம்தான். ஒலையில போடுததுக்கு முன்ன ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில போடுவா, அது கோயிலுக்கு. வீட்டுல அரிசி கொறைஞ்ச நாள்லயும் அந்தப் பிடி கொறையாது, எனக்கு உள்ள சோறுதான் கொறையும். நீ கோயில் வாசல்ல ஒட்டியிருக்க கியூ.ஆர். படத்துக்கு நேரா போன நீட்டுத, சந்தோசம். பத்து ரூவாய எட்டா மடிச்சுப் போடுத நம்ம பழைய வித்தை இனிமே செல்லாது பாரு, கமிட்டிக்காரன் பேரோட பாத்துருவான்.

உபவாசத்தப் பத்திக் கேக்காம போயிராத. லெந்து 40 நாளும் நம்ம தெருவுல பரிசுத்தம் பொங்கி வழியும். கறியும் மீனும் கெடையாது. முட்டை எதுல சேத்தின்னு திண்ணைக்குத் திண்ணை ஆராய்ச்சி நடக்கும். உபவாசம் இருக்கும்போது மூஞ்சியக் கழுவி, தலைக்கு எண்ணெய் தேச்சு, யாருக்கும் தெரியாம இருன்னு ஆண்டவர் சொன்னாரு. நம்ம ஆளு உபவாசம் இருந்தா முதல்ல டீக்கடைக்காரனுக்குத் தெரியும். 'இன்னைக்கு உபவாசம், அதனால வடை வேண்டாம், டீ மட்டும் போடு.' சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு தட்டு பறக்கும். அவன் வயித்துல உள்ள பசிய ஆண்டவர் பாத்தாரோ என்னமோ, அவன் வாயில இருந்து வந்தத வீட்டுல உள்ள அத்தன பேரும் கேட்டாவ.

அதனால உனக்கு ஒரு சோதனை சொல்லித் தாரேன். உன் ஜெபம் எதாவது வேலை செய்யுதான்னு தெரியணும்னா ஐயருகிட்டயும் கேக்காத, ஆவிக்குரிய கூட்டத்துலயும் கேக்காத. உன் வீட்டுக்காரிகிட்ட தனியாக் கேளு. 'நான் ஜெபம் பண்ண ஆரம்பிச்ச பொறவு என்னோட குடும்பம் நடத்த உனக்குக் கொஞ்சமாவது லேசா இருக்கா?' அவ சிரிச்சான்னா இன்னும் கொஞ்ச காலம் ஜெபி. பதில் சொல்லாம எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டான்னா உபவாசத்தையும் சேத்துக்கோ. ஆனா வடை சாப்பிட்டுட்டு இரு.

'தாத்தா, சில நாள் உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாம காய்ஞ்சு கெடக்கு'ன்னு நேத்து சொன்ன. ஆவிக்குரிய வறட்சின்னு பேரும் வச்ச. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு 'போதும் ஆண்டவரே, உயிர எடுத்துக்கிடும்'னு கேட்டான். அவனுக்கு ஆண்டவர் வேத பாடமா நடத்துனாரு? தூதன அனுப்பி, தழல்ல சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணியும் குடுத்தாரு. சாப்பிட்டுட்டுத் தூங்குனான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னாரு. திட்டு ஒண்ணும் கெடையாது. நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டிக்கிட்டு இருக்க. மக்கா, அது வறட்சி இல்ல, தூக்கம். படு. தூங்கி எந்திரிச்ச பொறவும் காய்ஞ்சு கெடந்தா, அப்ப வா, பேசுவோம். அதுக்கு அவசர மருந்து கெடையாது. 21 நாள் சவால், 40 நாள் சவால்னு வாங்கி வாங்கிப் போடாத. இடையன்குடி கோயிலுக்கு கால்டுவெல் ஐயரு 1847ல அஸ்திவாரம் போட்டாவ, பிரதிஷ்டை 1880ல. முப்பத்து மூணு வருசம். நடுவுல மனுசன் ஒப்பிலக்கணமே எழுதி முடிச்சு அச்சுல போட்டுட்டாவ.

பிரசங்கத்துல தூக்கம் வருதுன்னும் சொன்ன. பயப்படாத. பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணுனப்ப ஐத்திகுன்னு ஒரு வாலிபன் மூணாம் மாடி ஜன்னல்ல இருந்து தூங்கி விழுந்தான். பவுலே எறங்கி வந்து எழுப்ப வேண்டியதாப் போச்சு. நீ தரையில உக்காரு, அம்புட்டுதான்.

ராத்திரி ஒரு காரியம் செய்யி. இது நம்ம சபை வழக்கம் இல்ல, மணப்பாட்டு ஆர்.சி. சேக்காளி ஒருத்தன்கிட்ட கத்துக்கிட்டது. சவேரியார் 1542ல இந்தக் கடற்கரைக்கு வந்தாவ. ஜெபங்களத் தமிழ்ல பேத்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில மணிய வச்சு ஆட்டி ஆட்டிப் புள்ளைகளக் கூட்டிச் சொல்லிக் குடுத்தாவ. அவுகளோட கூட்டாளிதான் இஞ்ஞாசியார். அன்னன்னைக்கு உள்ளத்த அன்னன்னைக்கே ஆண்டவர் முன்னால திருப்பிப் பாக்கணும்னு இஞ்ஞாசியார் வச்ச முறை. படுக்கையில உக்காந்து காலையில இருந்து ஒவ்வொண்ணா ஓட்டிப் பாரு. முதல்ல நன்றி சொல்ல வேண்டியத எடு. ஆட்டோக்காரன் சில்லறை திருப்பிக் குடுத்தது, காய்ச்சல் எறங்குனது. பொறவு எந்த எடத்துல நாக்கு தடிச்சுது, எந்த எடத்துல பாத்தும் பாக்காத மாதிரிப் போனன்னு பாரு. நாளைக்கு அதுல ஒண்ண எப்படிச் சரி பண்ணணும்னு கேளு. இதுல ஒரு தொந்தரவு உண்டு. அடுத்தவன் பாவமெல்லாம் வரிசையா முன்ன வந்து நிக்கும். அதை ஒதுக்கி வையி, அது அவன் ராத்திரிக்கு உள்ளது.

அடுத்தவன் பாவம்னதும் ஞாபகம் வருது. உங்க ஜெபக் குரூப்புல வார ஜெபக்குறிப்புகள எனக்கு வாசிச்சுக் காட்டுனேல்லா? 'ஒரு சகோதரி மகளுக்காக ஜெபியுங்கள், பேர் சொல்ல விரும்பவில்லை, மூணாவது தெரு, பச்சைக் கேட்டு வீடு, பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு மேல போன்ல பேசுகிறாள்.' ஆண்டவருக்கு வழி தெரியணும்லா, அதான் கேட்டுக் கலர் வரைக்கும் சொல்லுதாவ.

ஒரு கதை சொல்லிட்டு முடிச்சுக்கிடுதேன். நம்ம ஊருல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வரப்புல நின்ன ஒத்தப் பனை யாருக்குன்னு சண்டை. நல்ல பருவ மரம். அண்ணன் ஏறுனா தம்பி கீழ நின்னு வைவான், தம்பி ஏறுனா அண்ணன் கலயத்த ஒடைப்பான். சர்வேயரு வந்தாரு, பஞ்சாயத்து பேசுனாவ, ஒண்ணும் நடக்கல. கடைசியில ரெண்டு பேருமே ஏறல. இதுல என்னன்னா, ரெண்டு பேரும் பெரிய ஜெபவீரங்க. அண்ணன் விடியக்காலம் நாலு மணிக்கு, தம்பி அண்ணனுக்குச் சளைக்காம மூணரைக்கு. நடுவுல ஒரு மண்சுவர்தான். 'எனக்கு விரோதமா எழும்புகிறவன'ன்னு இவன் ஆரம்பிச்சா, 'அநியாயக்காரன் கையினின்று'ன்னு அவன் சத்தத்தக் கூட்டுவான். ஆண்டவருக்கு மரம் யாருதுன்னு நல்லாத் தெரியும், அதான் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லாம இருந்தாரு.

மாசாமாசம் திருவிருந்துக்கு ரெண்டு பேரும் வருவானுவ. இவன் கம்பிக்கு இந்தக் கோடியில முழங்கால் போட்டா அவன் அந்தக் கோடியில. அப்ப இருந்த ஐயரு கட்டையான மனுசன், அதிகம் பேச மாட்டாவ. ஒரு நாள் அப்பத்தட்டோட இந்தக் கோடியில தொடங்கி வந்தவுக, நடுவுல நின்னுட்டாவ. எல்லாரும் கையேந்திக்கிட்டு இருக்கோம். ஐயரு அசையல. ஒரு வார்த்த பேசல. காணிக்கைய பலிபீடத்துல வச்சுட்டு முதல்ல போயி உன் சகோதரனோட ஒப்புரவாகுன்னு ஆண்டவர் சொன்னது அந்த எடத்துல எவனுக்குத்தான் தெரியாது? தம்பிக்காரன்தான் முதல்ல எந்திரிச்சான். நடந்து போயி அண்ணன் பக்கத்துல முழங்கால் போட்டான். கட்டிப்புடிச்சு அழுதானுவன்னு நெனைக்காத, அதெல்லாம் சினிமா. 'மரத்த நீயே வச்சுக்கோ'ன்னு இவன் சொல்ல, 'எனக்கு எதுக்கு உன் மரம்'னு அவன் சொல்ல, கோயிலுக்குள்ளயே மறுபடியும் சண்டை வந்துரும் போல இருந்துச்சு. ஐயரு அவசர அவசரமா அப்பத்த ரெண்டு வாயிலயும் போட்டாவ. அந்த வருசம் அண்ணன் காலையில ஏறுனான், தம்பி சாயங்காலம் ஏறுனான். விடியக்காலச் சத்தம் நின்னு போச்சு. எங்களுக்கும் தூக்கம் கெடைச்சுது.

ஏன் இந்தக் கதையச் சொன்னேன்னு முழிக்காத. இன்னைக்கு அசனத்துல உன் தம்பி முதல் பந்தி, நீ ரெண்டாம் பந்தி. அவன் கை கழுவ வந்த பொறவுதான் நீ தூணுக்குப் பின்னால இருந்து வெளிய வந்த. உன் அப்பன் வீட்ட வித்த பணத்துல யாருக்கு எம்புட்டுன்னு நான் கேக்கல. நீ உறவு ஆழப்படணும்னு கேட்ட, எந்த உறவுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அவனுக்குப் பஸ்ஸு ஏழரைக்கு. இப்ப மணி ஏழாகப் போகுது. பைக்குச் சாவி அந்த ஆணியில தொங்குது, பெட்ரோல் இருக்கு. என்ன பேசணும்னு போற வழியில ஜெபிச்சுக்கோ. கண்ண மட்டும் மூடிராத, ரோட்டுல ஆடு படுத்துக் கெடக்கும்.